மலை ஏறினால் சர்க்கரை இறங்குமா?

குடந்தைக்காரன் · 3 நவம்பர் 2024, காலை

வயசு 61. சுகர் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ரெண்டு மாத்திரையும் ஓடுது. ரெண்டு கண்ணுலயும் லேசர் வெச்சாச்சு. கோத்தகிரியில ஒரு வீடு பார்த்துக்கிட்டு அங்கேயே போயிடலாம்னு யோசனை. என் மச்சினன் கும்பகோணத்தை விட்டு அங்க போய் அஞ்சு மாசம். ஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 8.1 இருந்தது 7.2 ஆயிடுச்சாம். "மலைக்காத்து சர்க்கரையை எரிச்சுடும், மாத்திரையைப் பாதியாக்கிடலாம்"ங்கிறான். எங்க டாக்டர்கிட்ட கேட்டா சிரிக்கிறார். இதுல உண்மை ஏதாவது உண்டா, இல்ல வீட்டு புரோக்கர் பேச்சா? மலையில இருக்கிற சுகர்காரங்க சொல்லுங்க.

குன்னூர் லேப் · 3 நவம்பர், இரவு

மச்சினன் பொய் சொல்லவில்லை. 8.1 இருந்தது 7.2 ஆகலாம். காற்றுதான் காரணம் என்பதில்தான் எனக்கு வழக்கு. மாத்திரையைப் பாதியாக்கும் வேலையை அவர் ஏற்கெனவே தொடங்கிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். மீதி நாளைக்கு. இங்கே மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது.

குன்னூர் லேப் · 4 நவம்பர், காலை

குன்னூரில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் சுகர் உண்டு, பாதம் மரத்துப் போவதும் உண்டு. டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை. கும்பகோணத்திலும் ஊட்டியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 100 என்று வைத்தால் கோத்தகிரியில் (சுமார் 1,800 மீட்டர்) 80, ஊட்டியில் (2,240 மீட்டர்) 76, லடாக்கின் லே நகரில் (3,500 மீட்டர்) 65. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு கொழுப்பை விட சர்க்கரையை எரிப்பதையே விரும்பும், ஏனென்றால் அதே ஆக்சிஜனுக்கு அதில் கொஞ்சம் அதிக சக்தி கிடைக்கிறது. தசைகள் இன்சுலின் உதவியில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுக்க ஒரு தனி வழி இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த வழி திறக்கிறது. ரத்தச் சிவப்பணுவுக்கு சர்க்கரையைத் தவிர வேறு சாப்பாடே கிடையாது, மலையில் சிவப்பணு கூடும். ஆகவே "எரிச்சுடும்" என்ற பேச்சுக்கு அடியில் ஒரு பிடி உண்மை இருக்கிறது.

கணக்கெடுப்பும் ஓரளவு அந்தப் பக்கம்தான். அமெரிக்காவில் 2014இல் வந்த பெரிய ஆய்வில், 1,500 முதல் 3,500 மீட்டர் வரை வசிப்பவர்களுக்கு நீரிழிவு இருக்கும் வாய்ப்பு, 500 மீட்டருக்குக் கீழே வசிப்பவர்களை விட 12 சதவீதம் குறைவு. எடை, வயது, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கழித்துவிட்ட பிறகு வந்த கணக்கு இது. ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தால் பெண்களிடம் அந்த லாபம் இல்லை. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்கரையில் இருக்கும் புனோ நகரத்தையும் (3,800 மீட்டருக்கு மேல்) கடலோர ஊர்களையும் வைத்துப் பார்த்தபோதும் கடலோரத்தில்தான் புதிதாக சுகர் வந்தவர்கள் அதிகம்.

இதைப் படித்துவிட்டு உடனே அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பாதீர்கள். சுகர் வராமல் இருப்பது வேறு, வந்த சுகர் குறைவது வேறு. மேலே சொன்னவை முதல் வகை. உங்களுக்கு வந்து பதினாலு வருஷம்.

குன்னூர் லேப் · 4 நவம்பர், மாலை

மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். திபெத் பீடபூமி மக்களிடமும் லடாக்கிலும் நடந்த ஆய்வுகளில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைவாகவும் ஹீமோகுளோபின் மிக அதிகமாகவும் இருந்தவர்களிடம்தான் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. அதாவது உயரத்துக்கு உடம்பு நன்றாகப் பழகியவனுக்கு லாபம், பழகாமல் திணறுபவனுக்கு நஷ்டம். இடையில் சாப்பாடும் மாறிவிட்டது: பார்லி மாவு தின்று மலையேறி இறங்கிய ஊர்களில் வெள்ளை அரிசியும் ஜீப்பும் வந்துவிட்டன.

இந்தியாவிலேயே பாருங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கில், சுகருக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் விகிதம் மிக அதிகம் இருந்த மாநிலம் சிக்கிம், 31.3 சதவீதம். மலை மாநிலம்தானே அதுவும்? அங்கே காற்று எரிக்கவில்லையா?

குன்னூர் லேப் · 7 நவம்பர்

"அப்படின்னா 8.1 எப்படி 7.2 ஆச்சு?" என்று குடந்தைக்காரர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். இங்கேயே எழுதுகிறேன், இது என் தொழில் சம்பந்தப்பட்டது.

ஏ1சி என்பது சர்க்கரையை நேராக அளக்கும் டெஸ்ட் இல்லை. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளப்பது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பழைய அணுவில் அதிகம் ஒட்டியிருக்கும், புது அணுவில் குறைவாக ஒட்டியிருக்கும். மலைக்கு வந்ததும் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து புதுச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும். ரத்தத்தில் இளசு அணுக்களின் விகிதம் கூடினால், சர்க்கரை கொஞ்சமும் மாறாமலே ஏ1சி கீழே இறங்கும். ரத்ததானம் செய்தவருக்கு இறங்குவதும் இதனால்தான். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் நேர்எதிர், சர்க்கரை ஏறாமலே ஏ1சி ஏறும்.

கோத்தகிரி உயரத்தில் இந்த விளையாட்டு சின்னதாகத்தான் இருக்கும். 0.9 முழுவதையும் இதன் தலையில் போட முடியாது. லே, கார்கில் என்று போனால் பெரிதாகும். மச்சினன் விஷயத்தில் சந்தேகம் தீர ஒரு வழி: விரலில் குத்தி வாரம் சில நாள் காலை வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த எண்களும் ஏ1சியும் ஒத்துப்போனால் இறக்கம் நிஜம். ஒத்துப்போகாவிட்டால் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் எடுக்கலாம். அது ரத்தப் புரதத்தை வைத்து கடைசி இரண்டு மூன்று வாரத்தைச் சொல்லும், சிவப்பணுவின் வயதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

நீலகிரிக்கே உரிய இன்னொன்று. இங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு ஹீமோகுளோபின் (சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கும் பரம்பரை வகை) உண்டு. இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1952இல். அந்த ஹீமோகுளோபின் இருப்பவர்களுக்கு ஏ1சி சில மெஷின்களில் பிசகும், நோயே இருந்தால் அணு சீக்கிரம் உடைவதால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சுகர் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கால் புண்ணோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் லேப் · 8 நவம்பர்

மலையில் சுகர் மீட்டர் சரியாகக் காட்டுமா என்று கேட்ட திருப்பூர் நண்பருக்கு. ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி இரண்டு வகை. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் வகை ஆக்சிஜனோடு பங்காளிச் சண்டை போடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சர்க்கரையைக் கூட்டிக் காட்ட வாய்ப்பு. டிஹைட்ரோஜினேஸ் வகைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. டப்பாவுக்குள் இருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தில் எந்த வகை, எவ்வளவு உயரம் வரை, எத்தனை டிகிரி வரை, எவ்வளவு ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) வரை என்று எழுதியிருக்கும். பலவற்றில் 3,000 மீட்டர் அளவில் எல்லை போட்டிருப்பார்கள். அந்த மட்டில் நீலகிரியில் இருப்பவன் கவலைப்பட வேண்டாம். தொட்டபெட்டா உச்சியே 2,637தான்.

எங்களுக்குப் பெரிய தொல்லை குளிர். மீட்டர் சாதாரணமாக 10 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யும். ஜனவரி விடிகாலையில் ஜன்னலோரம் இருந்த மீட்டரை எடுத்தால் எர்ரர் காட்டும், அல்லது சும்மா இருக்கும். சட்டைப்பையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள். விரலும் ஜில்லிட்டிருந்தால் ரத்தம் வராது, பிழிந்து பிழிந்து எடுப்போம், திசுநீர் கலந்து எண் மாறும். வெந்நீரில் கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

ஹீமோகுளோபின் 18, 19 என்று ஏறியவர்களுக்கு ஸ்ட்ரிப் குறைத்துக் காட்டும். மலைவாசிகளை விட இது சிகரெட்காரர்களுக்கு அதிகம் பொருந்துகிறது.

குன்னூர் லேப் · 9 நவம்பர்

"ஊட்டிக்கு வந்து எனக்கு சுகர் ஏறித்தான் போச்சு" என்று ஒருவர். வர்க்கி எத்தனை சாப்பிட்டீர்கள்? மைதா, டால்டா, சர்க்கரை மூன்றும் சேர்ந்த பொருளை, நான்கு மணிக்கு, சர்க்கரை போட்ட டீயில் முக்கி, குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டால் எந்த உயரமும் காப்பாற்றாது. புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்தான், அதற்காக சலுகை கிடையாது.

குன்னூர் லேப் · 15 நவம்பர்

லேசர் வைத்த கண்ணுக்கு மலை ஒத்துக்கொள்ளுமா என்பது குடந்தைக்காரரின் இரண்டாவது கேள்வி.

சுகரால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டு, அந்த இடங்கள் ஆக்சிஜனுக்கு ஏங்கும். ஏங்கும் விழித்திரை விஇஜிஎஃப் என்ற பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்க்கும். அவை பலவீனமானவை, உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். ஆகவே ஆக்சிஜன் குறைந்த உயரம் கெடுதல் செய்யும் என்ற பயத்தில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் 4,000, 5,000 மீட்டருக்கு ஏறினால் சுகர் இல்லாத மலையேறிகளுக்கே விழித்திரையில் ரத்தப்புள்ளி வரும். கோத்தகிரி அந்தக் கணக்கில் சேராது. லேசர் வைத்து, நிலையாக இருக்கும் கண்ணோடு கோத்தகிரியில் வாழலாம். வருஷா வருஷம் கண்ணை விரித்துப் பார்க்கும் டெஸ்ட்டை விடக்கூடாது. மலையிலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டுமே என்று தள்ளிப்போடுவதால் கெட்ட கண்கள்தான் இங்கே அதிகம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த இழையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

சுகர் முற்றி கண்ணுக்குள் ரத்தம் கட்டினால், விழித்திரை இழுத்துப் பிரிந்தால், விட்ரெக்டமி என்ற ஆபரேஷன் செய்வார்கள். முடிவில் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி விடுவார்கள். எஸ்எஃப்6 என்ற வாயு ஏறக்குறைய இரண்டு வாரம் நிற்கும். சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் வரை நிற்கும். அந்தக் குமிழி கண்ணில் இருக்கும்போது மலை ஏறக்கூடாது. வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் எகிறும், பார்வை நரம்புக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். ஆபரேஷன் செய்து காப்பாற்றிய கண், வீட்டுக்குப் போகும் வழியில் போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு இது நடந்தது. கீழே ஆபரேஷன் முடித்து அனுப்பும்போது "கொஞ்ச நாள் ஃப்ளைட்ல போகாதீங்கம்மா" என்றார்களாம். அந்த அம்மா ஜென்மத்தில் ஃப்ளைட் ஏறியதில்லை, மகனும் தலையாட்டிவிட்டுக் காரை எடுத்துவிட்டார். குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி வளைவுகள் ஏற ஏறக் கண் வலி, தலைவலி, வாந்தி. மலைப்பாதையில் வாந்தி சகஜம்தானே, எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காட்டேரி என்ற ஊர் வருவதற்குள் அந்தக் கண்ணில் வெளிச்சமே தெரியவில்லை என்றதும் மகன் வண்டியைத் திருப்பினார். இறங்க இறங்க வலி குறைந்தது. கண் அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தார்கள். குமிழி கரையும் வரை மேட்டுப்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துவிட்டு அப்புறம்தான் மேலே கொண்டுவந்தார்கள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

குன்னூர் லேப் · 16 நவம்பர்

"ஃப்ளைட் 35,000 அடியில பறக்குது, ஊட்டி ஏழாயிரம் அடிதானே, ரெண்டையும் ஒண்ணா பேசலாமா?" என்று ஒரு பதில். பேசலாம், பேசியே ஆக வேண்டும். விமானம் பறக்கும் உயரம் கணக்கில்லை, உள்ளே இருக்கும் அழுத்தம்தான் கணக்கு. பயணிகள் இருக்கும் பகுதியில் அழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் மலையில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240. "ஃப்ளைட்டில் போகாதே" என்றால் "ஊட்டிக்குப் போகாதே" என்றுதான் அர்த்தம். மலைக்காரனிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும்.

எண் கேட்டவர்களுக்கு: கோவை ஏறக்குறைய 410 மீட்டர். அங்கிருந்து ஊட்டி போனால் அழுத்தக் கணக்குப்படி வாயு 25 சதவீதம் விரியப் பார்க்கும். கோத்தகிரி என்றால் 18. கண் பலூன் மாதிரி விரிந்து இடம் கொடுக்காது, அதனால் அது அழுத்தமாக மாறும்.

குமிழிக்குப் பதில் சிலிகோன் எண்ணெய் விட்டிருந்தால் அது விரியாது, மலை ஏறலாம். எது விட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். வாயு இருக்கும்போது வேறு எந்த ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போனால் சொல்லிவிட வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்தும் குமிழியை ஊதிவிடும்.

ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே "நாங்க மேலே இருக்கோம்" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

குன்னூர் லேப் · 2 டிசம்பர்

கால் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மலையில் சுகர்காரனுக்கு உயரத்தால் வரும் ஆபத்தை விடக் குளிரால் வரும் ஆபத்து பெரிது, அதுவும் பாதத்தில்.

எனக்கு இரண்டு பாதமும் விரல் பக்கம் மரத்திருக்கும். குளிர்காலத்தில் அது குளிரால் மரத்ததா, நரம்பு செத்ததா என்று எனக்கே தெரியாது. ராத்திரி கணப்பு மூட்டி அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவது இங்கே பழக்கம். ரூம் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். சூடு உறைக்காத கால் வெந்துபோவது தெரியாது. காலையில் சாக்ஸ் கழற்றும்போது கொப்புளம் தெரியும். வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் காலடியில் வைத்துத் தூங்குவது இன்னும் மோசம். படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். கம்பளி சாக்ஸ் போதும்.

எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு அட்டைக்கடி. கடித்தது தெரியாது, ரத்தம் நிற்காது, சொரிந்தால் புண். கம்பூட்டுக்குள் ஈரத்தோடு நாள் முழுக்க நிற்கும் பாதத்தில் விரலிடுக்கு வெடிக்கும். சின்னக் கண்ணாடி ஒன்று வாங்கி ராத்திரி பாதத்தடியைப் பாருங்கள். நான் குனிந்து பார்க்க முடியாத ஆள், எனக்குக் கண்ணாடிதான்.

குன்னூர் லேப் · 2 டிசம்பர், சற்று நேரம் கழித்து

பீடி, சிகரெட். கால் ரத்தக்குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், குளிர் இன்னும் சுருக்கும், புகை அதன் மேல் இன்னொரு சுருக்கு. மூன்றும் சேர்ந்தால் விரல் கறுப்பதைப் பார்க்கலாம். "குளிருக்கு ஒண்ணு" என்று சொல்லும் நண்பர்களை விட்டுவிடுங்கள்.

குன்னூர் லேப் · 29 டிசம்பர்

தலைகுந்தா பக்கம் உறைபனி. புல்தரை வெள்ளை. டூரிஸ்ட் எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கு: கீழே வெயிலில் கெட்டுப்போகும் என்று பயப்படுவோம், மேலே உறைந்து கெட்டுப்போகும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருந்தாலும் வீண், தூக்கிப் போட வேண்டும். ஜன்னல் திட்டிலும் காருக்குள்ளும் ராத்திரி வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்தாலும் உறையும், கதவுப் பக்கம் வையுங்கள். லே பக்கம் பணியில் இருந்த ஒரு ராணுவக்காரர், பேனாவை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார், அதுதான் சரி.

மலை ஏறும்போது பேனாவில் ஊசியை மாட்டியபடியே விட்டால் காற்றுக்குமிழி உள்ளே வரும். ஊசியைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், மேலே வந்து இரண்டு யூனிட் வெளியே விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குன்னூர் லேப் · 18 ஜனவரி 2025

நேபாளத்து முக்திநாத் போகும் ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு. திவ்யதேசங்களில் இது ஒன்று பாக்கி என்கிறீர்கள், போக வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன். நீலகிரியை வைத்து இதுவரை நான் எழுதியது எதுவும் அங்கே செல்லாது. அது 3,700 மீட்டருக்கு மேல். பத்ரிநாத் 3,100, கேதார்நாத் 3,583. உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் மலை நோய் 2,500 மீட்டருக்கு மேல்தான் அதிகம் தொடங்கும். நாங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறோம்.

அந்த உயரத்தில் முதல் இரண்டு மூன்று நாள் சுகர் ஏறும், இறங்காது. அட்ரினலின், கார்ட்டிசால் இரண்டும் கூடி இன்சுலினை வேலை செய்ய விடாது. ஆல்ப்ஸ் மலையில் 4,559 மீட்டரில் ஆரோக்கியமான ஆண்களை வைத்து 1997இல் அளந்து பார்த்ததில், முதல் இரண்டு நாளில் இன்சுலின் வேலை குறைந்து, ஏழாம் நாள் வாக்கில் ஓரளவு திரும்பியது. அதற்குள் உங்கள் டூர் முடிந்துவிடும். மறுபக்கம், பசி இல்லாமல் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, கிளிமிபிரைடை மட்டும் போட்டுக்கொண்டு படி ஏறினால் லோ சுகர். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

தலைவலி, குமட்டல், சோர்வு, நடை தள்ளாட்டம்: இது மலை நோயா, லோ சுகரா? பார்த்துச் சொல்ல முடியாது. குத்திப் பாருங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் முதலில் இனிப்பைக் கொடுங்கள், சரியாகாவிட்டால் கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மருந்து விஷயம் மூன்று. மலை நோய்க்கு டயமாக்ஸ் கொடுப்பார்கள், அது ரத்தத்தைக் கொஞ்சம் அமிலமாக்கும், நீரையும் வெளியேற்றும். மெட்ஃபார்மின் போடுபவர், அதிலும் சிறுநீரகம் சுமாராக இருப்பவர், டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர்கள் இன்னும் கவனம்: தண்ணீரும் சாப்பாடும் குறைந்தால் சுகர் 200 கூடத் தாண்டாமலே கீட்டோன் (கொழுப்பு எரிவதால் சேரும் அமிலம்) ஏறி ஆபத்தாகும், வாந்தியைப் பார்த்து மலை நோய் என்று எல்லாரும் நினைப்பார்கள். இன்சுலின் போடுபவர், சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது. புறப்படும் முன் இந்த மூன்றையும் எழுதி எடுத்துப்போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போக்ராவிலிருந்து ஜோம்சோம் விமானம் அரை மணிகூட ஆகாது, 800 மீட்டரிலிருந்து 2,700க்குத் தூக்கிப் போடும். ஏஜென்ட் அன்றைக்கே முக்திநாத் தரிசனம் என்று போட்டிருந்தால், ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்கவைக்கச் சொல்லுங்கள். கூடுதல் காசு கேட்பான், கொடுங்கள்.

குன்னூர் லேப் · 20 ஜனவரி

"பகவான் கூப்பிட்டா சுகர் என்ன செய்யும்" என்று ஒரு மாமா. கூப்பிட்ட பகவான் குளுக்கோஸ் பாக்கெட்டையும் எடுத்து வரச் சொல்லியிருப்பார், மாமா.

குன்னூர் லேப் · 11 பிப்ரவரி

சிறுநீரகம் பற்றி ஒருவர் விடாமல் கேட்கிறார். சுருக்கமாக: ரொம்ப உயரத்தில் சுகர் இல்லாதவருக்கும் சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகலாம், ஆகவே யாத்திரை போய் வந்த கையோடு மைக்ரோஅல்புமின் டெஸ்ட் எடுத்துப் பயப்பட வேண்டாம், சில வாரம் விட்டு எடுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு வினோதம்: அமெரிக்காவில் உயரமான ஊர்களில் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தசோகை ஊசி குறைவாகவே தேவைப்பட்டது, இறப்பு விகிதமும் குறைவாக இருந்தது. இறப்பு பற்றிய கணக்கு 2009இல் வந்த ஆய்வு. அதற்காக டயாலிசிஸ்காரர் மலைக்குக் குடிவரலாமா என்றால், வாரம் மூன்று தடவை மெஷின் எங்கே கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

குன்னூர் லேப் · 6 ஏப்ரல்

குடந்தைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மச்சினனின் நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். விரல் குத்திய எண்களும் இறங்கித்தான் இருக்கின்றன, ஏ1சியோடு ஒத்துப்போகின்றன. ஆக இறக்கம் நிஜம்.

காரணமும் கிடைத்துவிட்டது. மச்சினன் வீடு சரிவில் இருக்கிறது. பால் வாங்க ஒரு ஏற்றம், பஸ்ஸுக்கு ஒரு ஏற்றம், கோயிலுக்கு இன்னொன்று. கும்பகோணத்தில் ஸ்கூட்டரை விட்டு இறங்காத மனுஷன். ராத்திரி ஏழரைக்கு மேல் கடை இல்லை, பரோட்டாவும் இல்லை. நாலு கிலோ குறைந்திருக்கிறார். எடை குறைந்தால் இன்சுலின் மறுபடி வேலை செய்யும், உயரத்துக்கு அதில் என்ன பங்கு?

இதை எழுதிவிட்டு ஒரு யோசனை. நவம்பரில் நான் உயரத்தை ரொம்பவும் ஓரங்கட்டிவிட்டேனோ? குளிரில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே கொஞ்சம் சர்க்கரையைச் செலவழிக்கும். புதிதாக மலைக்கு வருபவர்களுக்குப் பசி மட்டுப்படுவதும் உண்டு. இரண்டிலும் மலைக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் கோத்தகிரி உயரத்தில் இவையெல்லாம் சில்லறை, நோட்டு முழுக்க அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அதே சரிவில் வீடு இருந்தும் ஆட்டோவிலேயே போய்வரும் என் பழைய சக ஊழியருக்கு, பிறந்ததிலிருந்து மலைக்காற்றுதான், ஏ1சி 9க்குக் கீழே வந்ததில்லை.

மாத்திரையை மச்சினன் பாதியாக்கவில்லை, டாக்டர் பார்த்து கிளிமிபிரைடை மட்டும் குறைத்திருக்கிறார். ஏற்றம் நடந்து லோ சுகர் வந்ததால்.

குன்னூர் லேப் · 27 ஏப்ரல்

வீடு பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று குடந்தைக்காரர் கேட்டதற்கு. (சீசன் ஆரம்பித்துவிட்டது, வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்.)

சரிவு நல்லது, படிக்கட்டு நல்லதில்லை. மரத்த காலோடு பாசி பிடித்த படியில் இறங்க முடியாது. வெந்நீர்க் குழாயில் சூட்டைப் பாதத்தால் சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் கீழே போகும் பாதையில் யானை நிற்கும், குஞ்சப்பனைப் பக்கம் அது சாதாரணம். ஆகவே பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவு டாக்டர் உண்டா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சுகர்காரனுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும், ஏற்றத்தில் புதிதாக மூச்சு வாங்கினால் "மலைதானே" என்று விடாதீர்கள், வருவதற்கு முன்பே ஒரு இதயப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து பாதை அடைபடும். அந்த மூன்று மாதமும் மாத்திரை, ஸ்ட்ரிப், இன்சுலின் எல்லாம் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும். நீங்கள் போடும் இன்சுலின் பேர் என்ன என்று மருந்துக்கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எல்லா வகையும் மேலே வருவதில்லை. பழைய கும்பகோணம் ஸ்ட்ரிப் டப்பாவில் தேதியைப் பாருங்கள், நீங்கள் அனுப்பிய படத்தில் அது காலாவதியானது போலத் தெரிந்தது.